நேரில் போகாமல் வீடு பார்த்த கதை, ஒரு சேவையின் விமர்சனம்

வேறு நாட்டில் வேலை கிடைத்துக் கிளம்ப மூன்றே வாரம் இருந்தபோதும் தங்க இடம் அமையவில்லை, அங்கே எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. அதனால்தான் நமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பி, வீட்டை வீடியோ காலில் காட்டுகிற ஒரு சேவைக்குப் பணம் கட்டினேன். குறை சொல்லவும் விஷயம் இருப்பதால் பெயர் வேண்டாம்.

அதற்கு முன்பே ஒரு வீட்டின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டிருந்தது. பக்கத்து வீடுகளைவிட வாடகை ரொம்பக் குறைவு, படங்கள் பளபளவென்று இருந்தன. உரிமையாளர் வெளியூரில் வேலையில் இருக்கிறாராம், முன்பணமும் முதல் மாத வாடகையும் போட்டுவிட்டால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவாராம். நான் கேட்காமலேயே தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருந்தார், நானும் பதிலுக்கு என்னுடையதை அனுப்பத் தயாராக இருந்தேன். இந்தச் சேவையில் எனக்கு ஒதுக்கிய பெண் கிளம்பிப் போகக்கூட இல்லை, அந்தப் படங்களை, படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு லிங்க் அனுப்பினார். அதே சமையலறை, அதே மஞ்சள் கெட்டில், ஆனால் வேறு ஊரில் நாள் வாடகைக்கு விடுகிற வீடு. அந்த பாஸ்போர்ட்டும் என்னைப் போல வீடு தேடிய யாரோ ஒருவர் நம்பி அனுப்பியதாக இருக்கலாம் என்றார். சேவைக்குக் கட்டின காசுக்கு எனக்கு அங்கேயே பலன் கிடைத்துவிட்டது.

அடுத்தது நிஜமான வீடு. உள்ளே நுழையும் முன்பே அந்தப் பெண், வீட்டைக் காட்ட வந்தவர் உரிமையாளரா, ஏஜென்ட்டா, இல்லை குடியிருப்பவரே உள்வாடகைக்கு விடுகிறாரா என்று கேட்டு, அதற்கான காகிதத்தையும் கேமராவில் காட்டச் சொன்னார். குடியிருப்பவர் விடுவதாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பணத்தைத் தொடாதீர்கள் என்று எனக்குத் தனியாக மெசேஜ். குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார், ஜன்னலை மூடியும் திறந்தும் தெருச் சத்தத்தைக் கேட்க வைத்தார். அப்புறம் படுக்கையறை அலமாரியை ஒரு முழம் நகர்த்தினார், பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. விளம்பரப் படம் ஒன்றில்கூட அந்தச் சுவர் இல்லை!

அந்த வீட்டையே எடுக்கலாம் என்று ஒப்பந்தம் வந்ததும்தான் சேவை படுத்துவிட்டது. பதினோரு பக்கத்தை ஒரு பக்கச் சுருக்கமாக்கி, 'ஒரு வருட ஒப்பந்தம்' என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பு ஆப்பில் நானே ஒவ்வொரு பத்தியாகப் போட்டுப் படித்தபோதுதான், நடுவில் காலி செய்தாலும் மீதி மாத வாடகையை நான் கட்ட வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. முன்பணத்தைப் பற்றியும் பேச்சே இல்லை. இது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பராமரிப்புச் செலவு சேராத மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். இங்கிலாந்தில் வழக்கமான வாடகை ஒப்பந்தம் என்றால் முன்பணத்தை வாங்கிய 30 நாட்களுக்குள் உரிமையாளர் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். நாம் போகிற நாட்டில் என்ன விதி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், இதைக்கூடச் சொல்லாத சேவை எதற்கு?

சாவி வாங்கும் நாளில் அவர்கள் வருவதில்லை, அது பேக்கேஜில் கிடையாதாம். சரி, நானே மின்சார மீட்டர், அடுப்பில் இருந்த கீறல், ஒவ்வொரு சுவர் என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே உரிமையாளருக்கு மெயிலில் அனுப்பினேன்.

வீடு பார்க்க மட்டும் என்றால் தயங்காமல் இவர்களைப் பிடிக்கலாம், ஒப்பந்தத்துக்கு அந்த ஊர் வாடகைதாரர் சங்கத்தையோ வக்கீலையோ பாருங்கள். பூஞ்சையைச் சரிசெய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வைத்திருந்தேன். சாவி வாங்கிய அன்று அலமாரியை நகர்த்திப் பார்த்தால், மேலே வெள்ளைப் பெயிண்ட் மட்டும் அடித்திருந்தார்கள். அதுவும் அந்த வீடியோவில் இருக்கிறது.