செயின் பிரிந்த அன்று வரும் ‘வாலட் அப்டேட்’: கை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

1 பிட்காயினை அனுப்பப் போனவர் 1,400 பிட்காயினைப் பறிகொடுத்த விவகாரம் 2020 ஆகஸ்ட் கடைசியில் வெளியே வந்தது. அவருடையது எலக்ட்ரம் என்ற வாலட் (பிட்காயினை வைத்துக்கொள்ளவும் அனுப்பவும் உதவும் மென்பொருள்), 2017க்குப் பிறகு திறக்காதது. பழைய வெர்ஷனையே நிறுவித் திறந்திருக்கிறார். அனுப்பும் பட்டனை அழுத்தினால் பணம் நகரவில்லை. பாதுகாப்பு அப்டேட் போட்டால்தான் அனுப்ப முடியும் என்று ஒரு பெட்டி எழுந்தது. போட்டார். இருப்பு மொத்தமும் திருடனின் முகவரிக்குப் போய்விட்டது.

அந்தப் பெட்டி எங்கிருந்து முளைத்தது? எலக்ட்ரம் முழு பிளாக்செயினை, அதாவது எல்லாப் பரிமாற்றங்களும் பிளாக் பிளாக்காகப் பதிவாகும் பேரேட்டை, இறக்கி வைத்துக்கொள்வதில்லை. யார் யாரோ நடத்தும் சர்வர்களிடம் கேட்டுத்தான் எல்லாம் தெரிந்துகொள்ளும். சர்வர் நடத்த யாருக்கும் தடையில்லை. 2018 டிசம்பரில் திருடர்கள் ஏராளமான சர்வர்களை உள்ளே நுழைத்தார்கள். உங்கள் பணப்பரிமாற்றம் அவற்றில் ஒன்றின் கையில் சிக்கினால், அதை மற்றவர்களுக்குக் கடத்தாமல் ஒரு ‘பிழைச் செய்தி’யைத் திருப்பி அனுப்பும். அன்றைய வெர்ஷன்கள் சர்வர் தந்ததை லிங்க், தடித்த எழுத்து உட்பட அப்படியே தன் பெட்டியில் காட்டின. பார்ப்பவருக்கு வாலட்டே சொல்வது போல இருக்கும். லிங்க், மென்பொருள்களை வெளியிடும் கிட்ஹப் தளத்தில் இருந்த போலிப் பக்கத்துக்குப் போனது. ஒரே வாரத்தில் 200 பிட்காயினுக்கு மேல் போயிற்று.

எலக்ட்ரம் 3.3.3 வெர்ஷனில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்கு முந்தைய வெர்ஷன் பழைய லேப்டாப்பில் கிடந்தால் அதைத் திறந்து பணம் அனுப்பிப் பார்க்காதீர்கள். போலியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்றும் இருந்தது. திறந்த உடனே இரண்டடுக்குப் பாதுகாப்பு எண்ணைக் கேட்டது. அசல் வாலட்டுக்கு அந்த எண் பணம் அனுப்பும்போதுதான் வேண்டும்.

இந்தப் பொறிக்கு ஏற்ற நாள் ஒன்று உண்டு. செயின் தற்செயலாக இரண்டாகப் பிரிந்த நாள், அதாவது எந்த பிளாக் செல்லும் என்பதில் கணினிகள் ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு பேரேட்டைத் தொடரும் நாள். ‘அப்டேட் ஏதாவது வந்ததா’ என்று அன்றைக்கு எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள். போலி லிங்க்கைத் தள்ளுபவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

ஆனால் பிரிந்த உடனே அப்டேட் போடுவதுதான் சரி என்ற நினைப்பே தப்பு. 2013 மார்ச் 11-12இல் பிட்காயினில் நடந்ததைப் பாருங்கள். பிட்காயின் மென்பொருளின் 0.8 வெர்ஷன் பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தை விட்டு லெவல்டிபிக்கு மாறியிருந்தது. 0.7இல் பெர்க்லி டிபி பதிவுகளை மாற்றும்போது போடும் பூட்டுகள் ஒரு நேரத்தில் 10,000தான் என்ற வரம்பு இருந்தது. அப்படி ஒரு வரம்பு பிளாக்கின் செல்லுபடியையே முடிவு செய்யும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. 225,430ஆம் பிளாக்கில் இன்புட்டுகள் (பரிமாற்றங்கள் செலவழிக்கும் பழைய காயின்கள்) எக்கச்சக்கம். 0.8 அதை ஏற்றுக்கொண்டது, 0.7 பூட்டு தீர்ந்து நிராகரித்தது. மைனிங் (புதிய பிளாக்குகளை உருவாக்கும் வேலை) பலத்தில் சுமார் 60 சதவீதம் 0.8 பக்கம் நின்றதால் பழைய செயினால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் பெரிய மைனிங் பூல்கள் (சேர்ந்து மைனிங் செய்யும் குழுக்கள்) 0.7க்கே திரும்பின. 0.8 பக்கத்தின் 24 பிளாக்குகள் குப்பைக்குப் போயின. அதாவது அன்று புதிய வெர்ஷன் வைத்திருந்தவர்கள்தான் தோற்ற பக்கம். சரிசெய்த 0.8.1 வர ஒரு வாரம் ஆனது. 0.7இலேயே இருக்க விரும்பியவர்கள் டிபி கான்ஃபிக் கோப்பில் பூட்டு வரம்பை உயர்த்தியாக வேண்டும், அதற்கு மே 15 வரை கெடு.

2021இல் எத்திரியம் என்ற மற்றொரு கிரிப்டோவில் நேர்மாறு. கெத் என்ற எத்திரிய மென்பொருளின் 1.10.8 வெர்ஷன் ஆகஸ்ட் 24இல் வந்தது. போடாமல் இருந்தவர்கள் 27ஆம் தேதி தனிச் செயினில் ஒதுங்கினார்கள். ஆக ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்பதை அன்றைய கோளாறுதான் சொல்லும். எந்தப் பாப்-அப்புக்கும் அது தெரியாது. நிறுத்துவது மட்டும் எப்போதும் சரி: பணம் அனுப்பாதீர்கள், வாங்காதீர்கள்.

வாங்குபவருக்குத்தான் ஆபத்து அதிகம். 2013இல் சுமார் 10,000 டாலர் மதிப்புள்ள ஒரு தொகை 0.8 செயினில் கன்ஃபர்மேஷன் (பிளாக்கில் ஏறி உறுதியானதற்கான கணக்கு) வாங்கியது. அதே காயின்கள் மற்ற செயினில் வேறு முகவரிக்குப் போயின. 24 பிளாக்குகளும் போனதும் பெற்றவர் கையில் ஒன்றுமில்லை. செய்தவர் முடியுமா என்று பார்த்தவர்தான், திருடன் இல்லை. எல்லா நாளும் அப்படி ஆள் கிடைக்காது. ‘ஆறு கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது, பொருளைக் கொடுங்கள்’ என்று அன்றைக்கு யாராவது அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள். மொபைல் வாலட்டுகள் பிளாக்கின் விதிகளைச் சரிபார்ப்பதில்லை. எந்தச் செயினில் மைனிங் உழைப்பு அதிகம் தெரிகிறதோ அதை நம்பும். 2015 ஜூலை 4இல் செல்லாத பிளாக்குகள் ஆறு தொடர்ந்து வந்தபோது, அத்தகைய வாலட்டுகளுக்கு வழக்கத்தைவிட 30 கன்ஃபர்மேஷன் கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னார்கள்.

முழுச் செயினையும் தானே சரிபார்க்கும் பிட்காயின் கோர் மென்பொருளை ஓட்டினால், உங்கள் நோடே (அந்த வலையமைப்பில் இணைந்த கணினி) சந்தேகப்பட்டு, மற்ற நோடுகளோடு தனக்கு ஒத்துப்போகவில்லை, அப்டேட் தேவைப்படலாம் என்று எச்சரிக்கும். அது உங்கள் கணினியிலேயே உருவாகும் செய்தி. அதில் லிங்க் இருக்காது. லிங்க்கோடு வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

உண்மையிலேயே அப்டேட் போட வேண்டிய நேரம் வந்தால், முதலில் வாலட்டை மூடிவிட்டு வாலட் கோப்பை பென் டிரைவில் நகல் எடுங்கள். பலர் தவிர்ப்பது இதைத்தான். புது எலக்ட்ரம் ஒருமுறை திறந்தால் கோப்பின் வடிவத்தை மாற்றிவிடும், பிறகு பழைய வெர்ஷனில் அது திறக்காது. 2013 போல இறங்க வேண்டி வந்தால் அந்த நகல்தான் கைகொடுக்கும். அடுத்து, தள முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரம் வேண்டாம், டெலிகிராமில் ‘அட்மின்’ அனுப்பும் லிங்க்கும் வேண்டாம்.

நிறுவும் கோப்போடு கையெழுத்துக் கோப்பையும் (உருவாக்கியவர்தான் வெளியிட்டார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்) இறக்குங்கள். பிட்காயின் கோர் என்றால் ஷா-256 பட்டியலும் (ஒவ்வொரு கோப்பின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி, இதில் இருக்கும்) அதன் கையெழுத்தும் சேர்த்து மூன்று கோப்புகள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil) கட்டளை கொடுத்தால் 64 எழுத்து ஹாஷ் வரும். அது பட்டியலில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஆனால் இதோடு நின்றால் பாதி வேலைதான். போலித் தளம் வைத்திருப்பவனுக்குப் போலிப் பட்டியல் வைக்க எவ்வளவு நேரமாகும்? ஜிபிஜி (GPG) மென்பொருளில் கையெழுத்தைச் சரிபார்த்து ‘குட் சிக்னேச்சர்’ வருகிறதா பாருங்கள். பிறகு கையெழுத்திட்ட சாவியின் கைரேகையை (அந்தச் சாவியை அடையாளம் காட்டும் குறி), 40 எழுத்தையும், பதிவிறக்கிய தளம் அல்லாத வேறொரு இடத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கடைசி எட்டு மட்டும் பொருந்தினால் போதாது, அந்த எட்டைப் போலியாக உருவாக்கலாம். சாவி நம்பகமானதாகச் சான்றளிக்கப்படவில்லை என்று கூடவே ஒரு வரி வந்தால் பயப்பட வேண்டாம், நீங்கள் அந்தச் சாவிக்குச் சான்று தரவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். ‘பேட் சிக்னேச்சர்’ என்றால் கோப்பை அழித்துவிடுங்கள்.

பழையதன் மேலேயே நிறுவினால் வாலட் கோப்பு அழியாது. சீட் வார்த்தைகளை (வாலட்டை முழுதாக மீட்கும் ரகசிய வார்த்தைகள்) கேட்க எந்தக் காரணமும் இல்லை. 12 அல்லது 24 வார்த்தைகளைக் கேட்டால் அது அப்டேட் இல்லை, திருட்டு.

பிரிந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய பணம் மீண்டும் கன்ஃபர்ம் ஆகாததாகத் தெரியலாம். பெரும்பாலும் அது காத்திருப்புப் பட்டியலுக்குத் திரும்பி, வென்ற செயினில் தானாக ஏறிவிடும். பொறுமை இல்லாமல் வேறு காயின்களிலிருந்து மறுபடி அனுப்பினால் இரண்டும் போய்ச் சேரும், ஒரே கடனை இருமுறை அடைத்த கதையாகும். மறுபடி அனுப்பியே ஆக வேண்டுமென்றால் முதலில் செலவழித்த அதே இன்புட்டையே எடுத்து, கட்டணத்தைக் கூட்டி அனுப்புங்கள். இரண்டில் ஒன்றுதான் செல்லும். தோற்ற பக்கத்தில் மைனிங் செய்து கிடைத்த காயின் திரும்ப வராது, அதைத் தேடிப் பயனில்லை.

ஏமாந்தது தெரிந்ததும் ‘மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று அடுத்த கூட்டம் வரும். கட்டாதீர்கள். இந்தியாவில் இருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கு முன், சீட்டைப் போலியில் டைப் செய்திருந்தாலோ போலியைத் திறந்திருந்தாலோ, பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். காயினை நகர்த்தும் சாவி திருடன் கையில் இருக்கிறது, பாஸ்வேர்டு உங்கள் கோப்பை மட்டுமே பூட்டும். வேறொரு சுத்தமான கருவியில் புதுச் சீட்டோடு புது வாலட் உருவாக்கி, மிச்சம் இருப்பதை உடனே அதற்கு மாற்றுங்கள்.