நடுவில் உள்ள கேபிளைப் பிடுங்கினால்: டிஆர்பிடி, ஐஸ்கசி மிரர், செஃப்

இரண்டு சர்வர் இருக்கிறது, ஒன்று விழுந்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வரை இரண்டாக்குவதில் சிரமமில்லை. டேட்டாவை இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைத்திருப்பதில்தான் சிரமம். லினக்ஸில் இதற்கு வழக்கமாக மூன்று வழிகளைச் சொல்வார்கள்: டிஆர்பிடி, இரண்டு ஐஸ்கசி பெட்டிகள் (நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் ஸ்டோரேஜ்) மேல் போடும் மிரர் (ஒரே டேட்டாவின் இரட்டை நகல்), செஃப் (பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே ஸ்டோரேஜாக ஆக்கும் மென்பொருள்). பலரும் எது வேகம் என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, நடுவில் உள்ள நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினால் எது எப்படி நடந்துகொள்ளும் என்பதை.

டிஆர்பிடியை வியன்னாவின் லின்பிட் நிறுவனம் பராமரிக்கிறது. 2010-ல் வந்த லினக்ஸ் 2.6.33-லிருந்து அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஒரு சர்வரின் டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு பிளாக்கையும் நெட்வொர்க் வழியாக மற்ற சர்வரின் டிஸ்கிலும் எழுதும். புரோட்டோகால் சி என்றால் இரண்டு டிஸ்கும் எழுதி முடித்த பிறகே அப்ளிகேஷனுக்கு 'எழுதியாச்சு' என்று பதில் போகும். புரோட்டோகால் ஏ அப்படிக் காத்திருக்காது. உள்ளூர் டிஸ்கில் எழுதி, அனுப்பும் வரிசையில் சேர்த்ததும் பதில் சொல்லிவிடும். டேட்டாபேஸுக்கு சி மட்டும்தான் சரி. படிப்பதெல்லாம் உள்ளூர் டிஸ்கிலிருந்து என்பதால் அங்கே நெட்வொர்க் தாமதமே இல்லை. இணைப்பு போய்த் திரும்பினாலும் முழு டிஸ்கையும் நகலெடுக்காது. 4 கிலோபைட்டுக்கு ஒரு பிட் என்று குறித்து வைத்திருந்து, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும்.

சரி, கேபிளைப் பிடுங்குவோம். இரண்டு பக்கமும் 'அடுத்தவன் செத்துவிட்டான்' என்று நினைத்துக்கொள்ளும். ஃபென்சிங் (மற்ற சர்வரைக் கட்டாயமாக அணைத்துவிடும் ஏற்பாடு) இல்லையென்றால் இரண்டும் பிரைமரி (எழுத அனுமதி உள்ள பக்கம்) ஆகிவிடும். ஒருமுறை இப்படி ஒரு கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) இருபது நிமிடம் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆர்டர் பதிவானது. கேபிளைத் திரும்பச் செருகினேன். இரண்டு சர்வரும் தன் டிஸ்கை 'அப்டுடேட்' என்றே காட்டின, இணைப்பு மட்டும் 'ஸ்டாண்ட்அலோன்' (தனித்து நிற்கிறது). எந்தப் பக்கத்து டேட்டாவைத் தூக்கிப்போடுவது என்று முடிவெடுத்து, அங்கே 'டிஸ்கார்ட் மை டேட்டா' கொடுத்து இணைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தப் பக்கத்து ஆர்டர்களைக் கையால் எடுத்து எழுதி வைத்தேன். அன்றிலிருந்து யார் தொடர்வது என்று தீர்மானிக்க இரண்டே வாக்குள்ள கிளஸ்டரை நான் நம்புவதில்லை. டிஆர்பிடி 9-ல் டிஸ்கே இல்லாத மூன்றாவது நோடை (சர்வரை) வாக்குக்கு மட்டும் சேர்க்கலாம். பெரும்பான்மை இழந்த பக்கம் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். ஒரு சின்ன மெஷின் போதும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரைமரியாக இருக்கும்படி அமைக்கவும் முடியும். ஆனால் அதன் மேல் இஎக்ஸ்டி4 மாதிரி சாதாரண ஃபைல் சிஸ்டம் போட்டால் அது சிதையும். ஜிஎஃப்எஸ்2 மாதிரி கிளஸ்டருக்கென்றே செய்தது வேண்டும். பெரும்பாலோருக்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

ஐஸ்கசி வழியில் இரண்டு ஸ்டோரேஜ் பெட்டிகள் ஆளுக்கொரு டிஸ்கைக் கொடுக்கும், சர்வர் அவற்றின் மேல் எம்டிஅட்மின் என்ற லினக்ஸ் கருவியால் ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா) அமைக்கும். ஒரு பெட்டி செத்தாலும் சர்வர் மாறவே வேண்டாம். அது பெரிய வசதி. ஆனால் பெட்டிக்குப் போகும் கேபிள் அறுந்தால், லினக்ஸின் ஐஸ்கசி மென்பொருளான ஓபன்-ஐஸ்கசி இயல்பாக 120 விநாடி காத்திருந்த பிறகே டிஸ்க் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளும். அதுவரை எழுத்தெல்லாம் அப்படியே தொங்கும். அந்த நேரத்தைக் குறைக்காமல் விட்டவர்கள் 'மிரர் இருந்தும் ஏன் உறைந்தது?' என்று குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு சர்வருக்கு முதல் பெட்டியும் மற்றதற்கு இரண்டாவது பெட்டியும் மட்டும் தெரிந்து, இரண்டும் அரை மிரரோடு கிளம்பினால் மறுபடி அதே பிளவுதான். ஏற்கெனவே நல்ல பெட்டிகள் இரண்டு கையில் இருந்தால் இதைச் செய்யுங்கள். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

செஃப் இந்தக் கேள்விக்குப் பிறக்கும்போதே பதிலோடு வந்தது. மானிட்டர்களில் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணித்து வாக்களிக்கும் நிரல்கள்) பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓடும், மற்றது நின்றுவிடும். இயல்பாக 3 நகல்கள், அதில் குறைந்தது 2 இருந்தால்தான் எழுத விடும். விலை வேறு இடத்தில். குறைந்தது மூன்று சர்வர் வேண்டும், ஒவ்வொரு டிஸ்கின் ஓஎஸ்டிக்கும் (அந்த டிஸ்கைக் கவனிக்கும் நிரல்) இயல்பு நினைவக இலக்கே 4 ஜிபி. ஒவ்வொரு எழுத்தும் மற்ற நகல்களுக்காகக் காத்திருப்பதால், மின்தடைப் பாதுகாப்பில்லாத சாதா எஸ்எஸ்டியில் போட்டால் டேட்டாபேஸ் நகரவே நகராது. செலவைக் குறைக்க 2 நகல், குறைந்தபட்சம் 1 என்று மாற்றாதீர்கள். ஒரு நகலோடு ஓடும்போது அந்த டிஸ்கும் போனால் மீட்க எதுவும் இருக்காது.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் ரெப்ளிகேஷனையும் சிலர் இந்த வரிசையில் வைப்பார்கள். அது குறிப்பிட்ட இடைவெளியில் போகும் நகல், மிரர் அல்ல. சில நிமிட டேட்டா போனால் பரவாயில்லை என்பவருக்கு மிக நல்லது, எளியது.

இரண்டு சர்வர், ஒரு டேட்டாபேஸ் என்றால் என் தேர்வு டிஆர்பிடி, புரோட்டோகால் சி, மூன்றாவது வாக்கு. நிறைய விர்ச்சுவல் மெஷின், நான்கைந்து சர்வர், 10 ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் தயங்காமல் செஃப்.

டிஆர்பிடியோடு பேஸ்மேக்கர் (சர்வர் விழுந்தால் வேலையை மறுபக்கம் மாற்றும் மென்பொருள்) போடுபவர்கள், கேபிளைப் பிடுங்கிப் பார்த்த கையோடு பவர் வயரையும் பிடுங்கிப் பாருங்கள். சர்வருக்குள்ளேயே இருக்கும் ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து சர்வரை அணைக்க உதவும் அமைப்பு) மூலம் ஃபென்சிங் அமைத்திருந்தால், மின்சாரம் போகும்போது அதுவும் சேர்ந்தே செத்துவிடும். 'அவனை அணைத்தாயிற்று' என்று உறுதி சொல்ல ஆளில்லாமல் நல்ல சர்வர் பொறுப்பை எடுக்காமல் காத்தே கிடக்கும். வெளியிலிருந்து மின்சாரத்தை வெட்டும் பிடியு (மின் விநியோகப் பலகை) ஒன்றை இரண்டாவது ஃபென்சிங்காகச் சேர்த்தால், அதே சோதனையில் சர்வீஸ் மறுபக்கம் எழுந்துவிடும்.