ஃபயர்ஃபாக்ஸ் ஸ்டைல் எடிட்டர்: சிவப்புத் தலைப்பைக் காட்டிக்கொடுத்த கண் குறி

பழைய தளம் ஒன்றைச் சரிசெய்யும் வேலை. ஒரு பக்கத்தில் தலைப்பு மட்டும் சிவப்பாகவே இருந்தது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஃபைலிலோ கறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மாற்றி மாற்றிச் சேமித்தேன், ப்ரவுசர் சேமித்து வைக்கும் பழைய பிரதிகளான கேஷை அழித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அரை நாள் போன பிறகுதான் ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்ட் எஃப்7 தட்டி, அதிலேயே இருக்கும் ஸ்டைல் எடிட்டர் என்ற கருவியைத் திறந்தேன்.

அந்தப் பக்கத்தில் ஓடும் ஸ்டைல்ஷீட், அதாவது சிஎஸ்எஸ் தொகுப்புகள் எல்லாம் அதில் பட்டியலாக வந்துவிடும். லிங்க் டேக்கில் கோத்தவை ஃபைல் பெயரோடு இருக்கும். பக்கத்துக்குள்ளேயே ஸ்டைல் டேக்கில் எழுதியவற்றுக்கு எண் போட்டிருக்கும். ஒரு ஷீட் இம்போர்ட் கட்டளையால் உள்ளே இழுத்து வந்தவையும் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் குறி; தட்டினால் அந்த ஷீட் மட்டும் அணைந்துவிடும். ஒவ்வொரு கண்ணாக மூடினேன். எழுத்துரு போனது, பத்திகள் கலைந்தன, கடைசியில் வெறும் ஹெச்டிஎம்எல்தான் மிச்சம். தலைப்பு அப்போதும் சிவப்பு! யாரோ அந்தத் தலைப்பின் ஹெச்டிஎம்எல் டேக்குக்குள்ளேயே ஸ்டைல் ஆட்ரிபியூட்டாக நிறத்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளி ஃபைலில் இம்பார்ட்டன்ட் என்ற முன்னுரிமைக் குறி போடாத வரை அங்குள்ள எந்த விதியும் அதை மீற முடியாது.

குறை என்று சொன்னால் இதுதான்: ஸ்டைல் ஆட்ரிபியூட்டை இந்தப் பட்டியல் காட்டாது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஆராயும் இன்ஸ்பெக்டர் கருவியில் ரூல்ஸ் பகுதிக்குப் போனால்தான் 'எலிமென்ட்' என்ற பெயரில் மேலே நிற்கும். இங்கேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. அந்தத் தளத்தின் முதன்மை ஃபைல் மூன்று ஃபைல்களை இம்போர்ட் செய்துகொண்டிருந்தது பட்டியலில்தான் என் கண்ணில் பட்டது. முதல் ஃபைல் வந்து சேர்ந்தால்தான் மற்ற மூன்றும் தேவை என்பதே ப்ரவுசருக்குத் தெரியும். அதுவரை பக்கம் வெள்ளையாகக் காத்திருக்கும். நான்கையும் லிங்க் டேக்குகளாக ஹெட் பகுதியில் வைத்தேன். இப்போது எல்லாம் ஒன்றாக இறங்கத் தொடங்குகின்றன.

ஒன்று கவனம். இதில் செய்யும் திருத்தம் பக்கத்தை ரீலோட் செய்தால் போய்விடும். சேவ் கொடுத்தாலும் உங்கள் கணினியில்தான் சேரும், சர்வரில் அல்ல. ஒரு மாலை முழுக்கச் செய்த திருத்தங்களை நான் அப்படித்தான் இழந்தேன்.

சொந்தமாக எழுதிய சின்னப் பக்கத்துக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. பிறர் எழுதிய தளம் கைக்கு வந்தால், நான் இப்போதெல்லாம் கோட் வரிகளைப் படிக்கும் முன்பே இதைத் திறந்து எத்தனை ஷீட், எந்த வழியில் வந்தவை என்று எண்ணிவிடுகிறேன்.