78,000 ரூபா போன ஏசி கோர்ஸ்: பிள்ளைகளைச் சேர்க்க முதல் இதை வாசிங்க

பெயர் போடவில்லை. கொழும்பில் மேல்மாடியில் நடக்கும் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையம், அவ்வளவுதான். அண்ணன்ட மகனுக்காக 78,000 ரூபா, முழுக்காசும் ஒரே தடவையில். ஆறு மாசம், முடிவில் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் என்றார்கள்.

ஏசி வேலையிலேயே இருக்கிற நான் ஏமாந்தது ஒரு ஃப்ளேயரில், அதாவது நட் போட்டுப் பூட்டச் செப்புக் குழாயின் வாயை விரிக்கிற வேலையில். சேர்க்கப் போன அன்று மாஸ்டர் 3/8 அங்குலக் குழாயை வெட்டினார். தூள் உள்ளே விழாமல் வாயைக் கீழே கவிழ்த்துப் பிடித்துப் பிசிறெடுத்தார், மறக்காமல் நட்டை முதலே போட்டார், பிறகு ஃப்ளேயர் அடித்தார். வெடிப்புமில்லை, சாய்வுமில்லை. அந்த இடத்திலேயே காசை எண்ணிக் கொடுத்தேன். அந்த மாஸ்டரைப் பொடியன்கள் பிறகு கண்டதே இல்லை.

மூன்றாம் மாசம் மகன்ட கொப்பியைப் பார்த்தால் தலை சுற்றுது. ‘எந்த கேஸ் என்றாலும் 65 பிஎஸ்ஐ’ என்று எழுதியிருக்கு. அது ஆர்22 என்ற பழைய ஏசி கேஸின் அழுத்தக் கணக்கு. ஆர்410ஏ கேஸ் என்றால், ஓடும்போது சக்ஷனில் (கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்தில்) ஏறத்தாழ 120 நிற்க வேணும். 65இல் விட்டால் கொயில் ஐஸ் பிடிக்கும். ஆர்410ஏயை சிலிண்டரைக் கவிழ்த்து, திரவமாக, தராசில் நிறுத்து ஏற்ற வேணும். அங்கே தராசே இல்லை. குழாய்க்குள் இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வெக்யூம் பம்ப் ஒன்று இருக்கு, ஒயில் இல்லாமல். அதுக்குப் பதிலா ‘கேஸை விட்டுக் காத்தைத் தள்ளு’ என்று பழக்கியிருக்கிறார்கள். ஈரம் உள்ளே நின்றால் கம்ப்ரஸர் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகும், கம்ப்ரஸர் மோட்டரின் வைண்டிங் (கம்பிச்சுற்று) எரியும். ஆர்32 தீப்பிடிக்கும் கேஸ், வெல்டிங் டோர்ச் மூட்ட முதல் கேஸை முழுக்க எடுக்க வேணும் என்று ஒரு வரிகூட இல்லை. இதோடு ஒரு பொடியன் ஆர்ட வீட்டுக்காவது போனால்?

கேட்கப் போனேன். ‘சேர் மீட்டிங்ல’ என்றாள் ஒஃபிஸில் இருந்த பிள்ளை. அடுத்த கிழமை, ‘பரீட்சைத் திகதி இன்னும் வரல்ல அண்ணா’. பிறகு வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். கடைசியில் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள் அந்தப் பிள்ளை: கட்டணம் மீளத் தரப்படாது. 78,000 ரூபா!

சுவரில் தொங்கின ரி.வி.ஈ.சி. (அரசின் தொழிற்கல்வி ஆணைக்குழு) பத்திரம் உண்மைதான். ஆனால் அது நிலையத்தின் பதிவு. கோர்ஸுக்குத் தர அங்கீகாரம் வேற, அது இல்லாமல் என்.வி.கியூ கிடையாது. இது தெரியாமல் போனது என்ட பிழை.

விளக்கமாக எழுத இருந்தேன், இப்ப மனசில்லை. ரி.வி.ஈ.சி. இருக்கிற நாரஹேன்பிட்டி நிபுணதா பியசவில் கோர்ஸ் பெயரைச் சொல்லிக் கேளுங்க, நிலையத்தின் பெயரை மட்டும் கேட்காதீங்க. வேலை ஏற்கனவே தெரிஞ்ச பொடியன் என்றால் கோர்ஸே தேவையில்லை, முன் அனுபவத்தை வைத்து மதிப்பீட்டுக்குப் போகலாம், அரசின் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் விசாரிங்க. காசை மாசா மாசம் கட்டுங்க. வெக்யூம் பம்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

78,000. அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.