தலைக்கு சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

குடியாத்தம், ஆற்காடு பக்கம் இருந்து வேலூருக்கு தலை ஸ்கேன் எடுக்க வர்றவங்க நிறைய பேர் குழம்பறது இதுலதான். காசு அதிகம்னா அதான் பெஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க.

நேரம்: சி.டி. சில நிமிஷம். எம்.ஆர்.ஐ. அரை மணி நேரம் கூட ஆகும், டமடமன்னு சத்தம் வேற, அசையாம படுக்கணும்.

செலவு: சி.டி. கம்மி, எம்.ஆர்.ஐ. ஜாஸ்தி.

சேஃப்டி: சி.டி.ல எக்ஸ்ரே கதிர் உண்டு. எம்.ஆர்.ஐ.ல கதிர் இல்ல, ஆனா பெரிய காந்தம், அதனால மெட்டி கொலுசு ஊக்கு எல்லாம் கழட்டணும், நெஞ்சுல பேஸ்மேக்கரோ (இதயத் துடிப்ப சீரா வைக்கற கருவி), ஆபரேஷன்ல மூளைல வச்ச கிளிப்போ இருந்தா அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காம நீங்களே சொல்லிடுங்க.

எது தெரியும்: பைக்ல விழுந்து தலைல அடி, இல்ல திடீர்னு வாய் கோணி கை விழுந்துடுச்சுன்னா பெரும்பாலும் முதல்ல சி.டி. தான், ஏன்னா ரத்தக்கசிவு இருக்கான்னு உடனே தெரியணும், கசிவு இல்லாம ரத்தக்குழாய் அடைப்புன்னா ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஆனா புது அடைப்பு சி.டி.ல சிக்காம போகலாம், எம்.ஆர்.ஐ.ல சீக்கிரமே தெரியும்.

வலிப்புக்கு எம்.ஆர்.ஐ. நம்ம ஊர்ல வலிப்புக்கு நாடாப்புழுவோட இளம்புழு மூளைல போய் உக்காந்துக்கறதும் ஒரு காரணம், சுண்ணாம்பு படிஞ்ச பழைய புழுன்னா சி.டி.ல பளிச்னு தெரியும், உயிரோட இருக்கற புழுவோட தலைய பாக்க எம்.ஆர்.ஐ. தான். சின்ன கட்டி, பின்மூளை பிரச்சனைக்கும் அதேதான்.

ரொம்ப நாளா ஒரே மாதிரி வர்ற ஒத்தத்தலைவலி, வேற தொந்தரவு இல்லன்னா பல சமயம் ரெண்டுமே தேவைப்படாது, டாக்டர் வேணாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க.