தூண்டில் புதுசா வாங்குறவங்க, கடைக்காரர் "ஃபுல் செட்"டுனு நீட்டினா கொஞ்சம் நில்லுங்க

கடைக்குப் போய் "புதுசா ஆரம்பிக்கிறேன்ணே, எதுவும் தெரியாது"ன்னு நானே வாயத் தொறந்து சொன்னேன் பாருங்க, அங்கதான் ஆரம்பிச்சுது. அவர் உள்ள போய் ஒரு பையைத் தூக்கிட்டு வந்தாரு. மடக்குற ராடு, லைன் சுத்தியே இருக்குற ரீல், ஒரு டப்பா நிறைய கலர் கலரா ரப்பர் மீனு, முள்ளு, ஈயக்குண்டு எல்லாம் உள்ளயே. "தம்பி, இதை எடுத்துட்டு நேரா தண்ணிக்குப் போக வேண்டியதுதான்"னாரு. நானும் போனேன்.

மூணாவது தடவைதான் நல்ல மீன் ஒண்ணு மாட்டுச்சு. தக்கை சட்டுனு உள்ள போச்சு, ராடைத் தூக்குனா கனம் தெரியுது, ரீலைச் சுத்துறேன் சுத்துறேன் ஆனா லைன் உள்ள வரவே இல்ல, மீன் இழுக்குற பக்கமேதான் போயிட்டு இருக்கு. ட்ராக் (drag, மீன் இழுக்கும்போது லைன் எவ்ளோ இறுக்கமா வெளிய போகணும்னு வைக்குற ரீல் பிரேக்கு) லூஸா இருக்குன்னு நினைச்சு முன்னாடி இருக்குற திருகை இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன், அதுக்கு மேல திரும்பவே மாட்டேங்குது, அப்பவும் லைன் போகுது. குனிஞ்சு பாத்தா ஸ்பூல், அதாவது ரீல்ல லைன் சுத்துற உருளை, அசையவே இல்ல, அது மேல சுத்தியிருக்குற லைன் மொத்தமும் கையில லூஸா கிடக்குற வளையல் மாதிரி வழுக்கி வழுக்கிச் சுத்துது!

காரணம் ரொம்பச் சின்னது. அது பிரெய்டு லைன், மெல்லிசு இழைங்களைப் பின்னிச் செஞ்சது. வழவழன்னு இருக்கும், இழுத்தா நீளவும் செய்யாது, மொட்டை ஸ்பூல்ல நேரா கட்டினா பிடிமானமே இருக்காது. அடியில கொஞ்சம் நைலான் லைன் சுத்திட்டு அதுக்கு மேல பிரெய்டு சுத்தணும், இல்லன்னா ஸ்பூல்ல ஒரு துண்டு டேப்பாவது ஒட்டணும். அஞ்சு நிமிஷ வேலை, அதைக்கூட செய்யல. சொல்லப்போனா புதுசா பழகுறவனுக்கு பிரெய்டே வேணாம், 8 இல்லன்னா 10 எல்பி (பவுண்டு, லைன் தாங்குற பலம்) நைலானே போதும். கொஞ்சம் இழுபடும், நாம பதட்டத்துல செய்யுற தப்பைத் தாங்கும், முடிச்சும் சுலபமா நிக்கும் (எச்சிலோ தண்ணியோ தொட்டு நனைச்சுட்டு இறுக்குங்க, காஞ்ச மேனிக்கு இறுக்கினா சூடாகி அங்கயே வீக் ஆயிடும்).

சரி கதைக்கு வரேன். வழுக்குதேன்னு லைனைக் கையால அமுக்கிப் பிடிச்சேன், பிளேடு போட்ட மாதிரி விரலைக் கிழிச்சிருச்சு, பிரெய்டைக் கையில பிடிக்கிற வேலையே வேணாம். அடுத்த செகண்டு பட்டுனு அறுந்துச்சு. முள்ளுல கட்டுன முடிச்சுல அறுந்திருந்தா என் தப்புன்னு விட்டிருப்பேன். அறுந்தது ராடு நுனிகிட்ட, லைன் முனை பஞ்சு பஞ்சா பிரிஞ்சு கிடக்கு.

வீட்டுக்கு வந்து காது குடையுற பட்ஸை எடுத்து ராடுல லைன் நுழைஞ்சு போற வளையம் ஒவ்வொண்ணுலயும் உள்ள விட்டுச் சுத்திப் பாத்தேன். நுனி வளையத்துல பஞ்சு மாட்டிக்கிச்சு. உள்ள இருக்குற செராமிக் வட்டத்துல முடி மாதிரி ஒரு விரிசல், கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவை வீசும்போதும் அது லைனை அரம் மாதிரி அராவிட்டே இருந்திருக்கு. ராடு வாங்குறப்ப கையோட ஒரு பட்ஸ் கொண்டு போங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

திரும்பிப் போய் சொன்னா "தம்பி உங்களுக்கு இழுக்கத் தெரியல, ட்ராக்கை அவ்ளோ இறுக்கலாமா"ன்னு என்னையே கேக்குறாரு. ட்ராக்கை லைனோட பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல இறுக்கக்கூடாதுங்கறது உண்மைதான், ஆனா ஸ்பூல்ல லைனே நிக்கலன்னா ட்ராக் என்னத்தப் பண்ணும்? கடைசியா இதைவிடப் பெரிய ராடு ஒண்ணை எடுத்து நீட்டுனாரு.

கடுப்புல ரீலையும் கழட்டிப் பாத்தேன். டப்பா மேல 13 பேரிங்னு போட்டிருக்கு, உள்ள இருந்தது 4, மீதி இடத்துல எல்லாம் புஷ்னு சொல்ற வெறும் பிளாஸ்டிக் வளையம். அந்த நம்பரே தேவையில்லைங்க, கைப்பிடியைச் சுத்தினா கரகரப்பு இல்லாம ஓடணும், முன்னபின்ன ஆட்டினா லொடலொடன்னு ஆடக்கூடாது, அவ்வளவுதான். ராடுல பாக்க வேண்டியது கைப்பிடிக்கு மேல இருக்குற எழுத்து. எவ்ளோ எல்பி லைன், எத்தனை கிராம் எடை வீசலாம்னு அங்க அச்சடிச்சிருக்கணும். என்னோடதுல "கார்பன்"னு ஸ்டிக்கர் மட்டும் இருந்துச்சு, வேற ஒரு எழுத்து கிடையாது. ஏழடி பக்கம் ஒரு மீடியம் ராடு, 2500 சைஸ் ரீல், இது போதும் ரொம்ப நாளைக்கு.

அந்த டப்பால இருந்த ரப்பர் மீனுல ஒண்ணைக்கூட நான் தொடல. முள்ளு எல்லாமே ஒரே பெரிய சைஸு, சின்ன மீனுங்க மண்புழுவை மட்டும் நோண்டித் தின்னுட்டுப் போயிடும். 6, 8, 10னு நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், 1/0, 2/0ன்னு சைபர் சேந்தா பெருசாகும், இதுகூட அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

ஒரு விஷயம், நுனி வளையம் தனியாவே கிடைக்குது. பழசைச் சூடு காட்டி உருவிட்டு, ஹாட் க்ளூ தடவி புதுசைச் சொருகினேன், காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது. இதுக்குத்தான் அவர் புது ராடே வாங்கச் சொன்னாரு.