அச்சேறாத நாடகத்தை யார் முன் வாசிப்பது? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வழிகள்

எழுதி முடித்த நாடகத்தை நாலு பேர் கூடிய இடத்தில் உரக்க வாசித்துப் பார்ப்பது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழகிப்போன வழக்கம். லண்டனில் உரிமம் பெற்ற பெரிய அரங்குகள் ஒன்றிரண்டே என்பதால், அவற்றின் மேலாளரை அணுகுமுன் இப்படியொரு வெள்ளோட்டம் தேவைப்பட்டது. அதை அரண்மனையில் நடத்துவதா, மதுக்கூடத்தில் நடத்துவதா, வீட்டுக் கூடத்தில் நடத்துவதா என்பதைப் பொறுத்துப் பலனும் மாறியது.

அரண்மனை வழிக்கு நாடகாசிரியர் ஜான் கே உதாரணம். 1724இல் மேடையேறிய ‘தி கேப்டிவ்ஸ்’ நாடகத்தை வேல்ஸ் இளவரசியின் முன் வாசிக்கச் சென்ற அவர், மரியாதை மிகுதியில் கால்மணையைக் கவனியாமல் இடறி விழுந்து, கனத்த ஜப்பானியத் திரைத்தட்டியையும் தள்ளிவிட்டார் என்று எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார். பெண்கள் அலறி அடங்கிய பின் அதே ஆள் சோக நாடகம் வாசிக்க வேண்டியிருந்தது. அந்த ஜான்சனோ தன் ‘ஐரீன்’ நாடகத்தை நண்பர் பீட்டர் கேரிக்குடன் ஃபவுன்டன் மதுக்கூடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தவர். கூச்சமின்றித் திருத்த அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் லண்டனின் டிரூரி லேன் அரங்கு உரிமையாளர் ஃப்ளீட்வுட் அதை ஏற்கவில்லை. பெரிய மனிதர் எவருடைய ஆதரவும் இல்லாததே காரணமாக இருக்கலாம் என்று ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் கருதுகிறார். 1749இல்தான், பீட்டரின் தம்பியும் புகழ்பெற்ற நடிகருமான டேவிட் கேரிக்கின் தயவால், ‘ஐரீன்’ மேடை கண்டது. மேடைதான் குறி என்றால் இடறி விழுந்தாலும் அரண்மனையே மேல்.

வீட்டுக் கூடம்தான் ஆக ஆபத்தானது என்பது என் கணிப்பு. ‘எவலினா’ நாவலால் புகழடைந்த ஃபேனி பர்னி, நாடகாசிரியர் ஷெரிடனின் ஊக்கத்தோடு ‘தி விட்லிங்ஸ்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினார். 1779 ஆகஸ்டில் செஸிங்டனில் குடும்பத்தாரும் முதிய நண்பர் சாமுவேல் கிரிஸ்ப்பும் கூடியிருக்க, தந்தை சார்லஸ் பர்னி அதை வாசித்தார், ஃபேனி அங்கில்லை. தொப்பி, ரிப்பன் விற்கும் கடையில் நடக்கும் முதல் அங்கம் எல்லோரையும் சிரிக்க வைத்தது, தங்கை சார்லட் முகமே கறுத்துப்போகும் அளவுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் முன்பின் பார்த்திராத பிரதியை வாசித்த தந்தையின் குரல் போகப்போகத் தளர்ந்துவிட்டது என்றெல்லாம் சகோதரி சூசன் எழுதி அனுப்பினாள். கேட்டவர்கள் சிரித்தது உண்மையான தீர்ப்பு. பின்னால் தந்தையும் கிரிஸ்ப்பும் சேர்ந்து நாடகத்தையே கைவிடச் சொன்னது வேறு கணக்கு: அதில் வரும் லேடி ஸ்மாட்டரில் இலக்கிய வட்டத்தில் செல்வாக்குமிக்க எலிசபெத் மான்டெகுவை ஊர் அடையாளம் கண்டுவிடும் என்ற அச்சம். அரங்கில் எழ வேண்டிய சீழ்க்கையும் கூச்சலும் கடிதமாக வந்து சேர்ந்ததாக ஃபேனி வேதனையோடு கேலி செய்தார். அவர் வாழ்நாளில் நாடகம் மேடைக்கும் வரவில்லை, அச்சுக்கும் வரவில்லை. அயலாரின் வெறுப்பை மறுத்து வாதிடலாம். பெற்றவரின் அக்கறையோடு எப்படி வாதிடுவது?

எழுத்தாளர் ஹொரஸ் வால்போலின் வழி செல்வர்களுக்கு மட்டுமே உரியது. தாய்க்கும் மகனுக்கும் இடையிலான தகாத உறவைப் பேசும் ‘தி மிஸ்டீரியஸ் மதர்’ மேடைக்கு ஒவ்வாது என்று அவரே தீர்மானித்து, 1768இல் ஸ்ட்ராபெரி ஹில்லில் இருந்த தன் சொந்த அச்சகத்தில் 50 படிகள் மட்டும் அச்சிட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். யார் படிப்பது என்பதை ஆசிரியரே தீர்மானித்த இந்த ஏற்பாடும் கைமீறியது. 1786இல் விண்ட்சரில் ஒரு சிறு வட்டம் அந்நாடகத்தை உரக்க வாசித்தபோது, கேட்டு அருவருத்து நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் வேறு யாருமல்ல, ஃபேனி பர்னிதான்.